ப்ளீஸ் அட்வைஸ்!

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதல் மெயிலின் கடைசி வரி 'ப்ளீஸ் அட்வைஸ்'. இரண்டாவது மெயிலும் அதிலேயே முடிகிறது. மூன்றாவதை எழுதியவர் கொஞ்சம் மரியாதைக்காரர், 'கைண்ட்லி அட்வைஸ்' என்கிறார். நான்காமவருக்கு என்ன அவசரமோ, ப்ளீஸில் இருந்த உயிரெழுத்தையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு 'பிஎல்எஸ் அட்வைஸ்' என்று தட்டி அனுப்பியிருக்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான். ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் தைத்து அனுப்புகிற எங்கள் ஆட்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்வதுதான் வேலை. இத்தனை தேசத்து ஆட்கள் தினமும் என்னிடம் அறிவுரை கேட்கிறார்கள் என்று வெளியே சொன்னால், ஊரில் எனக்கு ஓர் ஆசிரமமே கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

அவர்களுக்கு வேண்டியது என்ன என்று பார்த்தால்தான் எரிச்சல் வரும். பெட்டி எத்தனை? அட்வைஸ். தூத்துக்குடியிலிருந்து கப்பல் என்றைக்கு? அட்வைஸ். ஜிப் வந்ததா, வரவில்லையா? அதற்கும் அட்வைஸ். 'சொல்லுங்கள்' என்று கேட்டால் போதாதா? சரி, இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாமும் ஒரு காலத்தில் 'உடன் தெரியப்படுத்தவும்' என்று கார்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள்தானே. வயிறு எரிவது இன்னொரு வகை அட்வைஸுக்கு. தான் எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல், நம் மடியில் நைசாக இறக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அதற்கு.

போன சீசனில் ஒரு நீலம். பையர் பான்டோன் நிற நம்பர் கொடுத்திருந்தார். எங்கள் சாய ஆலை லேப்பில் அதற்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் போட்டார்கள். உள்ளங்கை அகலத்தில் மூன்று துணித் துண்டுகள். அட்டையில் ஒட்டி, பின்பக்கம் விவரம் எழுதி, கூரியரில் ஐரோப்பாவுக்கு அனுப்பினோம். ஒரு நிறம் பகல் வெளிச்சத்தில் ஒரு மாதிரியும், கடை டியூப்லைட்டில் இன்னொரு மாதிரியும் தெரிவது சாயத் தொழிலில் தீராத தலைவலி. அதற்காகத்தான் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். ஒரு ஸ்விட்சைப் போட்டால் டி65, பகல் வெளிச்சம். அடுத்ததைப் போட்டால் டிஎல்84, கடை வெளிச்சம். இரண்டிலும் பார்த்துவிட்டு, எதில் ஒத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்வது பையரின் உரிமை. சட்டை அவர் கடையில் தொங்கப் போகிறது, லேபிளில் அவர் பெயர் இருக்கப் போகிறது.

பதில் வந்தது. ஏ கொஞ்சம் சிவப்படிக்கிறதாம். பி பரவாயில்லையாம், ஆனால் கடை வெளிச்சத்தில் சற்று மங்கலாம். சி பற்றிப் பேச்சே இல்லை. கடைசி வரி, வேறென்ன, ப்ளீஸ் அட்வைஸ்.

சாய ஆலை மாஸ்டரிடம் போனில் படித்துக் காட்டினேன். "ஏனுங்ண்ணா, ஏ-ங்கறாங்களா பி-ங்கறாங்களா?" என்றார். ரெண்டும் இல்லீங்க, நம்மளைச் சொல்லச் சொல்றாங்க என்றேன். "நாம என்னத்தைங்க சொல்றது? சட்டை போடறது அவிங்க. சரி, எனக்குப் பாத்தா பி-தான் சரியாப் படுது. ஏ-வை ஓட்டுனா பல்க்ல இன்னும் செவப்பேறும். அதை எழுதிப் போடுங்க. ஆனா ஓகேன்னு ஒரு வார்த்தை வாங்கிக்கங்க."

எழுதிப் போட்டேன். வந்தது 'வெல் நோட்டட், தேங்க்ஸ்'. சம்மதமா இல்லையா என்று அதில் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி கேட்டேன். 'கப்பல் தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று பதில். ஷிப்மென்ட் நெருங்குகிறது, சாய மெஷின் காலியாக நிற்கிறது, பி-யை ஓட்டினோம். சரக்கு போய் இறங்கி, அங்கே எவரோ ஒரு பெரியவர் 'இந்த நீலம் யார் சொல்லிப் போட்டது?' என்று கேட்டிருக்கிறார். எங்களுக்கு வந்த மெயிலில் ஒரே வரி: 'ஃபேக்டரி அட்வைஸ்டு ஷேட் பி.' கூடவே டிஸ்கவுன்ட் கோரிக்கை.

கேட்கும்போது அது பணிவான வேண்டுகோள். நாம் வாயைத் திறந்த மாத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து. இப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிற வார்த்தையை இங்கிலீஷ்காரன் என்ன நினைத்துச் செய்தானோ என்று கோபம் வந்து, வீட்டில் பிள்ளைகள் படிக்கிற தடித்த அகராதியை எடுத்துப் புரட்டினேன். நம்ம ஊர் குமாஸ்தாக்கள்தான் கெடுத்திருப்பார்கள் என்று ஓர் ஊகம். அகராதி அந்தப் பழியை நம் மேல் போட விடவில்லை. வியாபாரிகள் அந்தச் சொல்லை 'தகவல்' என்ற பொருளில் பல நூறு ஆண்டுகளாகவே புழங்கியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு வெனிஸில் கையால் எழுதி விற்கப்பட்ட செய்தித் தாள்களுக்கே 'அவ்வீசி' என்றுதான் பெயர். அதுவும் இதே குடும்பத்துச் சொல். இங்கிலீஷ் கடற்படையில் செய்தி கொண்டுபோகிற வேகக் கப்பலுக்கு 'அட்வைஸ் போட்' என்று பெயர். உண்டியல் எழுதுகிறவர்கள் 'அட்வைஸ்படி' பணம் தரவும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, கப்பல் எப்போது என்று கேட்டு அட்வைஸ் போடுகிற பையர் ஒரு நெடிய பரம்பரையின் வாரிசு. அதுவரை மன்னித்தாயிற்று.

ஆனால் அந்த வேர் இருக்கிறதே, அதைப் படித்தபோது இன்னும் எரிச்சல் ஏறியது. பழைய பிரெஞ்சில் 'அவி'. அதற்குப் பின்னால் லத்தீனில் 'பார்ப்பது' என்ற வினை. 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று சொல்வதிலிருந்து பிறந்ததாம். எங்கள் சாய மாஸ்டர் சொன்னாரே, எனக்குப் பாத்தா பி-தான் சரியாப் படுது என்று, அது. தன் கண்ணுக்குப் பட்டதைத் தன் பெயரில் சொல்வதற்கு உண்டான சொல்லை வைத்துக்கொண்டு, தனக்கு என்ன படுகிறது என்பதை மட்டும் சொல்லாமல் தப்பிக்கிறார்கள்!

பேங்க்கில் இந்த வித்தை நிறுவனமாகவே நடக்கிறது. ஏற்றுமதியில் எல்.சி. என்று ஒன்று உண்டு, லெட்டர் ஆஃப் கிரெடிட். பையரின் பேங்க், 'நீங்கள் சரக்கை அனுப்பிவிட்டு, நாங்கள் கேட்ட காகிதங்களைப் பிசகில்லாமல் கொடுத்தால் பணம் தருகிறோம்' என்று கொடுக்கிற வாக்குறுதி. அது நேராக நம் கைக்கு வராது. நம்ம ஊரில் ஒரு பேங்க் வழியாக வரும். அந்த பேங்குக்குப் பெயர் அட்வைசிங் பேங்க். அதற்கு ஒரு கட்டணம், கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு நாட்டில், கேள்விப்பட்டிராத ஒரு பேங்க்கிலிருந்து ஒருமுறை எல்.சி. வந்தது. முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஆபீசர் எதிரில் உட்கார்ந்தார்.

"இந்த பேங்கை நம்பிச் சரக்கு ஏத்தலாங்களா சார்?"

"நாங்க அட்வைஸ் மட்டுந்தாங்க பண்ணியிருக்கோம்."

"அதத்தாங்க கேக்கறேன். உங்க அட்வைஸ் என்னங்க?"

"இல்லீங்க சார், அட்வைஸ் வேற, கன்ஃபர்ம் வேற. கன்ஃபர்ம் பண்ணுனாத்தான் நாங்க பணத்துக்குப் பொறுப்பு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஆபீசர் பொய் சொல்லவில்லை. பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை போட்ட விதி அது. 2007 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கிற யுசிபி 600. அதன் ஒன்பதாவது பிரிவில் தெளிவாக இருக்கிறது: அட்வைஸ் செய்கிற பேங்க், வந்த எல்.சி. பார்வைக்கு அசல்தான், தான் கொடுத்திருப்பது வந்தபடியே இருக்கிறது என்ற இரண்டுக்கு மேல் எதற்கும் பொறுப்பில்லை. பணம் தருவதாக எந்த உறுதியும் கிடையாது. அதாவது தபால்காரர் வேலை. தபால்காரர் வேலையைத் தபால்காரர் வேலை என்றே சொல்லியிருந்தால் எங்கள் முதலாளி அந்த மத்தியானம் அங்கே போய் அப்படி முழித்திருக்க மாட்டார்.

அதற்கப்புறமும் ஓயவில்லை. சரக்கு ஏற்றி, காகிதங்களைக் கொடுத்தால், அங்கே அவர்கள் ஐந்து பேங்க் வேலை நாளுக்குள் துருவிப் பார்ப்பார்கள். எல்.சி.யில் ஒரு மாதிரியும் இன்வாய்ஸில் ஒரு மாதிரியும் சரக்கின் விவரம் இருந்தால் போச்சு. பேங்க்குக்கு பேங்க் அனுப்பிக்கொள்கிற ஸ்விஃப்ட் செய்திகளுக்கு நம்பரும் பெயரும் உண்டு. காகிதத்தில் குறை இருக்கிறது என்று சொல்கிற 750-க்குப் பெயர் 'அட்வைஸ் ஆஃப் டிஸ்கிரிபன்சி'. வாங்கமாட்டேன், பணம் கிடையாது என்று சொல்கிற 734-க்குப் பெயர் 'அட்வைஸ் ஆஃப் ரெஃப்யூசல்'. கன்னத்தில் அறைந்துவிட்டு அதற்கும் அட்வைஸ் என்று ரசீது!

எங்கள் அக்கவுன்ட்ஸ் பையன் இதிலெல்லாம் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளமாட்டான். அவனுக்கு அட்வைஸ் என்றால் ஒரு தாள். "அண்ணா, கிரெடிட் அட்வைஸ் வந்துருச்சுங்களா?" என்பான். பணம் கணக்கில் ஏறிய தாள். டெபிட் அட்வைஸ் என்றால் போன தாள். பேமென்ட் அட்வைஸ் என்றால், எந்தெந்த பில்லுக்கு எவ்வளவு பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டிருக்கிறார்கள் என்ற விவரத் தாள். அட்வைஸுக்குப் பன்மை கிடையாது, எஸ் சேர்க்கக் கூடாது என்று ஸ்கூலில் டீச்சர் தலையில் குட்டினார்கள். இந்தத் தாளுக்கு மட்டும் பன்மை உண்டு, அட்டகாசமாக எஸ் போடலாம். பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்' என்பதையும் அதே டீச்சர்தான் குட்டிச் சொன்னது. எங்கள் பையர்களில் பாதிப் பேர் இன்னும் 'ப்ளீஸ்'-க்குப் பக்கத்தில் 'சி' போட்டுத்தான் எழுதுகிறார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஸ்பெல்லிங் தப்பினால் நமக்கு டிஸ்கவுன்ட் பிடிக்கமாட்டார்கள்.

இந்தச் சொல் உத்தியோக உடுப்பு மாட்டிக்கொண்டால் முற்றிலும் வேறு ஆளாகிவிடும். 'பெற்றோர்கள் 10-ஆம் தேதிக்குள் கட்டணத்தைச் செலுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்று ஸ்கூலிலிருந்து வருகிறதே சர்க்குலர், அதில் அறிவு எங்கே இருக்கிறது? கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்பது அறிவுரையா? 'கட்டுங்கள்' என்று எழுதிவிட்டுப் போகலாமே. அதற்கு ஒரு ஆள் வேண்டும். 'அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்று எழுதிவிட்டால் யார் சொன்னது என்றே கேட்க முடியாது. வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். 'யூ ஆர் அட்வைஸ்டு' என்று இங்கிலீஷில் எவரோ ஒளிந்துகொண்டு எழுதியதை அப்படியே ஒளிந்துகொண்டே தமிழாக்கியிருக்கிறோம்.

வானிலை அறிக்கையிலும் இதே வரிதான். மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார்கள். இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. வானிலைக்காரர் காற்றின் வேகத்தைச் சொல்லலாம், படகைப் பிடித்துக் கட்ட முடியாது. கட்டுவது மீன்வளத் துறை. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். வானிலை அட்வைஸ் வந்தால் டோக்கன் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். ரேடியோவில் அட்வைஸாகக் கிளம்பியது, கரைக்கு வந்து சேரும்போது பூட்டு.

இதைவிடப் பெரிய கூத்து ஆளுநர் மாளிகைகளில். அரசமைப்புச் சட்டத்தின் 163-ஆவது பிரிவு, ஆளுநருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் அமைச்சரவை இருக்கும் என்கிறது. 74-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கு அதையே சொல்கிறது. ஆலோசனை என்றால் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம் என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்? இங்கே அப்படியில்லை. 1976-இல் 42-ஆவது திருத்தம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் அந்த ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். 1978-இல் 44-ஆவது திருத்தம், ஒருமுறை திருப்பி அனுப்பி மறுபடி யோசிக்கச் சொல்லலாம், அப்புறம் நடந்தே தீர வேண்டும் என்று கொஞ்சம் தளர்த்தியது. ஆளுநர் பிரிவில் அப்படி எழுதவில்லை. எழுதாததால் என்ன ஆகும் என்பதைப் பேரறிவாளன் வழக்கில் பார்த்தோம். ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளான அவர் உட்பட ஏழு பேரை விடுதலை செய்யலாம் என்று தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகை அதை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, குடியரசுத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டது. கடைசியில் 2022 மே 18 அன்று, அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது. கட்டளை என்று எழுத வேண்டிய இடத்தில் நாகரிகத்துக்கு ஆலோசனை என்று எழுதினால், ஒரு தாய் கோர்ட்டு வாசலில் இத்தனை வருஷம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த நாகரிகம் லண்டன் சரக்கு. அங்கே அரசருக்குப் பிரதமர் சொல்வதெல்லாம் 'அட்வைஸ்'. அரசர் மறுக்க மாட்டார். 2019 ஆகஸ்டில் பாராளுமன்றத்தை முடக்கி வைக்கச் சொல்லி அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் அட்வைஸ் கொடுத்தார், அப்போதிருந்த ராணியும் முடக்கினார். செப்டம்பர் 24 அன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த அட்வைஸே சட்டவிரோதம், முடக்கமும் செல்லாது என்று சொல்லிவிட்டது. எனக்கு அதில் பிடித்தது, பழி சரியான வாசலுக்குப் போனது. கேட்ட ராணியின் மேல் போகாமல் சொன்னவர் மேல் போனது. எங்கள் நீலத்துக்கு மட்டும் அப்படி ஒரு கோர்ட்டு வாய்க்கவில்லை. எங்கள் விஷயத்தில் கேட்டவர் தப்பித்துச் சொன்னவன் மாட்டினான்.

அட்வைசர் என்று கார்டு நீட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாலிசி விற்க வருகிறவரின் கார்டில் 'அட்வைசர்' என்றிருக்கும். சட்டம் அவருக்கு வைத்த பெயர் ஏஜென்ட். எந்த அட்வைசராவது 'உங்களுக்கு இது வேண்டாங்க, இருக்கறதே போதும்' என்று அட்வைஸ் பண்ணி நான் கேட்டதில்லை. முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2013-இல் தனி விதி கொண்டுவந்தது. பிறகு 2020-இல், கமிஷனுக்கு ஃபண்ட் விற்கிறவர்கள் 'அட்வைசர்' என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அதைத் திருத்தியது. இந்தச் சொல்லுக்கு ஒரு பொறுப்பு உண்டு என்று கண்டுபிடித்து, காலரைப் பிடித்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து அவர்கள்தான்.

சிரித்துக்கொண்டே தாண்டிப் போக முடியாத இடம் ஆஸ்பத்திரி. மாமனாருக்கு நெஞ்சுவலி, கோயமுத்தூரில் சேர்த்திருந்தோம். ஆஞ்சியோ பார்த்ததில் மூன்று அடைப்பு. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் இதயத்தை வரைந்து, குழாய்களில் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினார். நல்ல பொறுமைசாலி. ஸ்டென்ட் வைக்கலாம், பைபாஸ் பண்ணலாம், வயசு பார்த்தால் மருந்திலேயே கொஞ்ச நாள் ஓட்டலாம். ஒவ்வொன்றிலும் நல்லது இது, ஆபத்து இது. "ஃபேமிலில டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்லுங்க."

ஃபேமிலி என்றால் நான், மச்சினன், பெரிய மாமா. எங்கள் மூன்று பேருக்கும் இதயம் இடது பக்கம் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பெரிய மாமாதான் தைரியமாகக் கேட்டார்: "உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க சாமி?" டாக்டர் சிரித்தார். அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க, ஆப்ஷன் எல்லாம் சொல்லிட்டோம் என்றார். நர்ஸைக் கேட்டோம், டாக்டரைக் கேளுங்கள் என்றார். பில்லிங் கவுண்டரில் இருந்த பையன்தான் பேக்கேஜ் விலைப் பட்டியலை எடுத்து வைத்து, எது நல்லது என்று கொஞ்சம் உற்சாகமாகப் பேசினான்.

வேறு ஒரு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்று முடிவு செய்து, டிஸ்சார்ஜ் கேட்டோம். ஒரு ஃபாரம் வந்தது. இங்கிலீஷில், இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மச்சினன் கையெழுத்துப் போடப் போனவன் நிறுத்தி, தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தான். 'மெடிக்கல் அட்வைஸை மீறிச் செல்கிறோம்.' நிமிர்ந்து பார்த்தான். "எந்த அட்வைஸுங்க சிஸ்டர்? அதத்தானே நாங்க மூணு நாளாக் கேட்டுட்டிருக்கோம்?"

அந்த சிஸ்டர் என்ன செய்வார், பாவம். பேனாவை நீட்டினார்.

டாக்டரின் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. தெளிவாக ஒன்றைச் சொல்லி, அது ஒத்துவராமல் போனால், கூட்டிவந்த சனமே கண்ணாடியை உடைக்கிறது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளிக்கு விவரம் சொல்லி, அவரிடமே சம்மதம் வாங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வழக்கு அது. சரியான தீர்ப்பு, வேண்டிய தீர்ப்பு. ஆனால் விவரம் சொல்லுங்கள் என்றால் விவரம் மட்டும் சொல்லுங்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்களே. எத்தனையோ நெஞ்சைத் திறந்து பார்த்த மனுஷன், தனக்கு என்ன படுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முடிவை எங்களிடம் விட்டால் சம்மதம் கெட்டா போய்விடும்? நாங்கள் கைநீட்டிக் கேட்ட இடத்தில் அட்வைஸ் இல்லை, கேட்காத காகிதத்தில் மட்டும் அச்சடித்து இருக்கிறது.

(மாமனார் நன்றாக இருக்கிறார். இரண்டாவது டாக்டர் வயசானவர், படத்தைப் பார்த்துவிட்டு, "பைபாஸ் பண்ணிருங்க. நானா இருந்தா அதத்தான் பண்ணிக்குவேன்" என்றார். ஒரே நிமிஷம். பில்லில் கன்சல்டேஷன் என்று போட்டிருந்தார்கள், அட்வைஸ் என்று போடவில்லை.)

இதற்கு நடுவில் வீட்டில் வேறு ஒரு அவதி. தமிழில் புகுந்த அட்வைஸுக்கு ஒரே அர்த்தம்தான், அறுவை. "அப்பா, அட்வைஸ் பண்ணாதீங்க" என்று மகள் காதில் ஹெட்போனை மாட்டினால் அத்தோடு பேச்சு முடிந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்காமலேயே சர்க்கரைக்கு வெந்தயம் ஊறவைக்கச் சொல்கிறார், கல்யாண வீட்டில் யாரோ ஒரு சித்தப்பா இடம் வாங்கச் சொல்கிறார். இதற்கெல்லாம் சேர்த்துக் காதைப் பொத்திக்கொண்ட பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பொறுப்பில்லாத இடத்தில் எல்லோரும் தாராளமாகச் சொல்கிறார்கள். நாளைக்கு யாராவது வந்து 'நீதானே சொன்னாய்' என்று கேட்கக்கூடும் என்ற இடத்தில்தான் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், காலேஜ் முடித்த கையோடு. சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லா மெயிலையும் 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று முடிக்கப் பழகிவிட்டாள். கூப்பிட்டு உட்கார வைத்தேன். இந்தா பாரும்மா, பெட்டி எத்தனைன்னு வேணும்னா எத்தனைன்னு கேளு. ரெண்டுல எதுன்னு வேணும்னா, 'பி போடப் போறோம், வேண்டாம்னா வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க'ன்னு எழுது. அவளும் சுறுசுறுப்பாக, காலருக்குத் தைக்கிற ரிப் துணி விஷயத்துக்கு அப்படியே எழுதினாள். 'இந்த ரிப்பைப் போட்டுத் தைக்கப் போகிறோம். மாற்ற வேண்டுமானால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.' படிக்கவே குளுகுளுவென்று இருந்தது.

மெயிலின் வரைவு முதலாளிக்கும் போகும். அனுப்புவதற்கு முன்னால் என் ரூமுக்கு வந்துவிட்டார்.

"யாரு எழுதுனது இது? நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமாங்ண்ணா. நேராச் சொல்லிட்டா அவிங்களும் நேராப் பதில் சொல்லித்தானே ஆகோணும்?"

"சொல்லலைன்னா? வியாழக்கெழமை வரைக்கும் சும்மா இருந்துட்டு, சரக்கு போனதுக்கப்பறம் ரிப் புடிக்கலைம்பான். 'போடப் போறோம்'னு நாமதான எழுதியிருக்கறோம்? போன தடவை அந்த நீலத்துக்குக் குடுத்தது பத்தாதுங்களா?" அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "அம்மணி, அந்த மூணு வரியையும் எடுத்துரு. ரிப் போட்டோவை மட்டும் வச்சு, ப்ளீஸ் அட்வைஸ்னு போட்டு அனுப்பு. அவன் வாயால வரட்டும்."

அவர் சொன்னதில் தப்பு என்று எதைக் காட்ட? அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அழித்து எழுதம்மா என்றேன். பையரிடமிருந்து அன்றைக்கே பதில் வந்துவிட்டது. ரிப் நன்றாக இருக்கிறதாம். ஆனால் பாடி துணியோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிறித் தெரிகிறதாம். எங்கள் ஃபேக்டரியின் அட்வைஸ் என்ன என்று கேட்டிருக்கிறார்.